வாயைத் திறந்து தூங்கும் பிள்ளை: குறட்டை, அடினாய்டு, டான்சில் பற்றிப் பெற்றோர் கேட்பவை

சளி, காதுவலி என்று பிள்ளையைக் கூட்டி வருவார்கள். பார்த்து மருந்து எழுதிக் கொடுத்து, எழுந்து கதவு வரை போன பிறகு அம்மா திரும்பி நின்று கேட்பார்: "ராத்திரியில கொஞ்சம் குறட்டை விடுறான் டாக்டர், அது ஒண்ணும் இல்லையே?" பல நேரம் அவர் முதலில் சொல்லியிருக்க வேண்டியதே அதுதான். காது மூக்கு தொண்டை மருத்துவராக நான் திரும்பத் திரும்பப் பதில் சொல்லும் கேள்விகள் இவை. ஏறக்குறைய 2 முதல் 10 வயது வரை உள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன். அப்பாக்களின் குறட்டை தனிக் கதை.

குறட்டை விட்டால் அசந்து தூங்குகிறான் என்றுதானே அர்த்தம்?

அப்படித்தான் நம் வீடுகளில் சொல்லி வளர்ந்திருக்கிறோம். உண்மையில், குறுகலான வழியில் காற்றை இழுக்கும்போது தொண்டையின் மெத்தென்ற சதை அதிர்வதால் வரும் சத்தம்தான் குறட்டை. மூச்சுக்கு மெனக்கெட வேண்டியிருக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

சளி பிடித்த நாலைந்து நாள் குறட்டை வந்து போனால் கவலை வேண்டாம். சளி இல்லாதபோதும் வாரத்தில் மூன்று இரவு, அதற்கு மேல் என்று மாதக்கணக்கில் தொடர்ந்தால் காட்ட வேண்டும். குறட்டை விடும் எல்லாப் பிள்ளைகளுக்கும் நோய் இருக்காது. தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய், அதாவது ஸ்லீப் ஆப்னியா, நூறு பிள்ளைகளில் 1 முதல் 5 பேருக்கு இருக்கலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. வெறும் குறட்டையோடு நிற்கும் பிள்ளைகள் அதைவிட அதிகம். இந்த இரண்டு கூட்டத்தையும் பிரித்துப் பார்ப்பதுதான் எங்கள் வேலை.

பகலில் நன்றாகத்தானே மூச்சு விடுகிறான்? தூங்கும்போது மட்டும் ஏன்?

மூக்கின் பின்புறம், அண்ணத்துக்கு மேலே, கண்ணாடியில் பார்த்தால் தெரியாத இடத்தில் ஒரு சதை உண்டு. அதுதான் அடினாய்டு. வாயைத் திறந்தால் இரு பக்கமும் உருண்டையாகத் தெரிபவை டான்சில்கள். கிருமிகளை அடையாளம் காண உடம்பு வைத்திருக்கும் காவல் சதைகள் இவை. 3 முதல் 6 வயதுக்குள் நன்றாக வளர்ந்து, பிறகு மெல்லச் சுருங்கும். சதை பெரிதாக இருக்கும் அந்த வயதில் தொண்டை இன்னும் சின்னது. சிக்கல் அங்கேதான்.

விழித்திருக்கும்போது தொண்டைத் தசைகள் இறுக்கமாக இருந்து வழியைத் திறந்து வைக்கும். தூங்கியதும் தளர்ந்துவிடும். கனவு காணும் தூக்கத்தில் இன்னும் தளரும். அந்தத் தூக்கம் இரவின் கடைசிப் பகுதியில்தான் அதிகம். அதனால் பிள்ளைகளுக்கு மூச்சுத்தடை கூடுதலாக வருவது விடியற்காலை 3 மணிக்கு மேல், பெற்றோர் அயர்ந்து கிடக்கும் நேரத்தில். "நான் பார்த்தவரை ஒண்ணும் இல்லை" என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்கள் பார்த்தது பத்து மணிக்கு.

எங்கள் பிள்ளைக்கு இருக்கிறதா என்று வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது?

கைபேசியில் வீடியோ எடுங்கள். இதைவிட நல்ல முதல் பரிசோதனை எனக்குத் தெரியவில்லை. என் மேசைக்கு எதிரே சமர்த்தாக உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்து நான் கண்டுபிடிக்க முடியாததை அந்த இரண்டு நிமிடம் காட்டிவிடும்.

அலாரம் வைத்து நாலு மணிக்கு எழுந்திருங்கள். சட்டைப் பொத்தானை அவிழ்த்து, முகம், கழுத்து, நெஞ்சு, வயிறு நாலும் ஒரே சட்டகத்தில் தெரிகிற மாதிரி, மங்கிய வெளிச்சத்தில் எடுங்கள். சத்தம் முக்கியம், இரைச்சலான மின்விசிறி என்றால் கொஞ்ச நேரம் நிறுத்திவிடுங்கள். பிள்ளையை நேராக்கிப் படுக்க வைக்காதீர்கள். அவன் கிடக்கிற கிடையே ஒரு தகவல்.

நான் அதில் தேடுவது இவை. குறட்டைக்கு நடுவே சத்தம் அறுந்து, நெஞ்சு மட்டும் இழுத்துக்கொண்டிருக்க, பிறகு ஒரு திணறலோ செருமலோ வந்து மறுபடி மூச்சு தொடங்குகிறதா? பெரியவர்களுக்கு 10 விநாடி மூச்சு நின்றால்தான் கணக்கு. பிள்ளைகளுக்கு இரண்டு மூச்சு விடுபட்டாலே கணக்கு. மூச்சை இழுக்கும்போது கழுத்துக் குழியும் விலாவின் அடிப்பகுதியும் உள்ளே போகின்றனவா? வயிறு மேலே எழும்போது நெஞ்சு கீழே இறங்குகிறதா? தலையைப் பின்னால் வளைத்து, கழுத்தை நீட்டிக்கொண்டு தூங்குகிறானா? சில பிள்ளைகள் குப்புற முழங்கால் மடக்கிப் படுப்பார்கள், சிலர் உட்கார்ந்தபடியே தூங்குவார்கள். வழியைத் திறக்க உடம்பு தானாகக் கண்டுபிடித்த உபாயங்கள் இவை. தலையணை நனையும் அளவு வியர்வையும் அப்படித்தான்: ராத்திரி முழுக்க மூச்சுக்காக உழைக்கிற பிள்ளை.

உதடு நீலமாகிறது, அல்லது மூச்சு நின்று நீங்கள் உலுக்கி எழுப்ப வேண்டியிருக்கிறது என்றால் வீடியோவுக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள்.

தூக்கம் கெட்டால் பகலில் தூங்கி வழிய வேண்டாமா? இவன் ஒரு நிமிடம் சும்மா இருப்பதில்லையே?

அது பெரியவர்களின் கதை. தூக்கம் கெட்ட பெரியவர் பேருந்தில் சாய்ந்து தூங்குவார். தூக்கம் கெட்ட பிள்ளை சுவரேறும். ஓயாத துறுதுறுப்பு, சின்னதுக்கெல்லாம் கோபம், பாடத்தில் கவனம் நிற்காமை என்று வரும் பிள்ளைகளில் சிலருக்கு வேர் தொண்டையில் இருக்கிறது. எல்லாருக்கும் அல்ல. கவனக்குறைபாடு என்று மருந்து தொடங்கும் முன் "ராத்திரி எப்படித் தூங்குகிறான்?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட வேண்டும் என்பதுதான் என் கட்சி.

இது புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. 1889இலேயே வில்லியம் ஹில் என்ற லண்டன் மருத்துவர், வாயால் மூச்சு விட்டு, குறட்டையும் தூக்கத் தவிப்புமாக இருக்கும் பிள்ளைகள் படிப்பில் 'மந்தம்' என்று பெயர் வாங்குவதைப் பற்றி எழுதினார். பிறகு அது ஏறக்குறைய மறந்தே போனது. 1976இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டியன் கில்மினோவும் உடன் பணியாற்றியவர்களும் எட்டுப் பிள்ளைகளை இரவு முழுக்கக் கருவிகளோடு கண்காணித்து விவரித்த பிறகுதான் மறுபடி பேச்சு எழுந்தது.

பகலில் கவனிக்க இன்னும் சில உண்டு. எழுந்ததும் தலைவலி. சாப்பிட மந்தம்: மூக்கு அடைத்திருக்கும்போது மெல்லுவதும் மூச்சு விடுவதும் ஒரே வாயால் நடக்க வேண்டும், அவன் என்ன செய்வான்? எடையும் உயரமும் ஏறாமை. வளர்ச்சி ஹார்மோன் ஆழ்ந்த தூக்கத்தில்தான் மிகுதியாகச் சுரக்கிறது. மூச்சுக்காக எரியும் சக்தி வேறு. நின்றுபோயிருந்த படுக்கை நனைத்தல் மறுபடி தொடங்குவதும் ஓர் அடையாளம். அதற்காகப் பிள்ளையை அடிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கொரோனா காலத்தில் வாங்கிய விரல் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்த்தேன், 98 காட்டியது. போதுமா?

போதாது. அது பெரியவர் விரலுக்குச் செய்தது. குட்டி விரலில் வெளிச்சம் கசியும், கை அசைந்தால் எண் மாறும். அதோடு, மூச்சுத்தடை இருந்தும் ஆக்சிஜன் பெரிதாகக் குறையாத பிள்ளைகள் உண்டு. எண் நன்றாக இருந்தால் நோய் இல்லை என்று ஆகிவிடாது.

டாக்டர் என்னென்ன பரிசோதனை செய்வார்? தூக்கப் பரிசோதனை கட்டாயமா?

முதலில் வாயைத் திறக்கச் சொல்லி டான்சில் அளவைப் பார்ப்போம். 1 முதல் 4 வரை மதிப்பெண் மாதிரி. 4 என்றால் நடுவில் இரண்டும் முட்டிக்கொள்ளும் அளவு. ஆனால் அளவும் நோயின் கடுமையும் ஒன்றாகப் போவதில்லை. 4 இருந்தும் நிம்மதியாகத் தூங்கும் பிள்ளை உண்டு; 2 மட்டும் இருந்து திணறுபவனும் உண்டு. "டான்சில் பெருசா இருக்கு, எடுத்துடலாம்" என்று வாயை மட்டும் பார்த்து முடிவு சொன்னால், ராத்திரியைப் பற்றி ஏன் கேட்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம்.

அடினாய்டு கண்ணுக்குத் தெரியாது. அதற்குக் கழுத்தின் பக்கவாட்டு எக்ஸ்ரே, அல்லது மூக்கு வழியே மெல்லிய எண்டோஸ்கோப். எக்ஸ்ரே எளிது, ஆனால் பிள்ளை அழுதுகொண்டோ விழுங்கிக்கொண்டோ இருக்கும்போது எடுத்தால் அண்ணம் மேலே எழும்பி, இல்லாத அடைப்பைக் காட்டும். எண்டோஸ்கோப்பில் கண்ணாலேயே பார்த்துவிடலாம். நாலு வயதுப் பிள்ளையை அதற்குச் சம்மதிக்க வைப்பது தனிக் கலை. பாதி நாள் தோற்றுப்போகிறேன்.

தூக்கப் பரிசோதனை என்பது ஓர் இரவு முழுக்க மூளை அலை, கண் அசைவு, மூக்குக் காற்று, நெஞ்சு வயிற்றின் அசைவு, ஆக்சிஜன், இதயத்துடிப்பு எல்லாவற்றையும் பதிவு செய்வது. மணிக்கு எத்தனை தடவை மூச்சு நின்றது, குறைந்தது என்று எண்ணுவார்கள். பெரியவர்களுக்கு 5 வரை இயல்பு என்று விடுவோம். பிள்ளைகளுக்கு 1 வந்தாலே இயல்பு இல்லை. 1 முதல் 5 வரை லேசானது, 5 முதல் 10 நடுத்தரம், 10க்கு மேல் கடுமை. பெரியவர்களின் அளவுகோலை வைத்து அறிக்கை கொடுத்தால் பிள்ளையின் நோய் மறைந்துபோகும், அதனால் பிள்ளைகளுக்குச் செய்து பழகிய இடமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாருக்கும் இது தேவை என்று நான் சொல்வதில்லை. பிள்ளைகளுக்கான தூக்க ஆய்வகங்கள் பெரிய நகரங்களில்தான் இருக்கின்றன. கதையும் வீடியோவும் பரிசோதனையும் ஒரே திசையைக் காட்டினால் அதை வைத்தே முடிவெடுக்கிறோம். ஒன்றுக்கொன்று முரண்பட்டால் கட்டாயம் செய்ய வேண்டும். பிள்ளை 2 வயதுக்கும் குறைவு, உடல் பருமன், முக எலும்பு அமைப்பில் கோளாறு, தசைத் தளர்ச்சி என்றாலும் அப்படியே. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைக்கு அறிகுறி இல்லாவிட்டாலும் 4 வயதுக்குள் ஒருமுறை செய்துவிடுவது நல்லது. அவர்களிடம் இந்த நோய் மிகவும் அதிகம், பெற்றோருக்குத் தெரியாமலே இருக்கும்.

நாங்கள் வந்தது குறட்டைக்கு. காது கேட்கும் பரிசோதனை எதற்கு?

மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு குழாய் போகிறது. அதன் வாசல் அடினாய்டுக்கு அருகிலேயே இருக்கிறது. சதை வீங்கி, வாசலைச் சுற்றி அழற்சி வந்தால் நடுக்காதுக்குக் காற்று போகாது. அங்கே பசை மாதிரி நீர் தேங்கும். வலிக்காது, சீழ் வடியாது, காய்ச்சல் வராது. பிள்ளைக்குக் காது கொஞ்சம் மந்தமாகும், அவ்வளவுதான். காதில் விரலை வைத்து அடைத்துக்கொண்டு பேச்சைக் கேட்பது போல. டிவி சத்தத்தைக் கூட்டுவான், "என்னது?" என்பான், கூப்பிட்டால் திரும்ப மாட்டான். "சொல்பேச்சு கேட்காதவன்" என்று பெயர் வாங்கிய எத்தனையோ பேர் உண்மையிலேயே கேட்காதவர்கள்.

அடினாய்டு மருத்துவ உலகுக்கு வந்ததும் காது வழியாகத்தான். கோபன்ஹேகனில் வில்ஹெல்ம் மேயர் என்ற மருத்துவர், காது மந்தமும் மூக்கடைப்புமாக வந்த ஓர் இளம்பெண்ணின் அண்ணத்துக்குப் பின்னால் விரலை விட்டுத் தடவி, அங்கே மென்மையான சதை அடைத்துக் கிடப்பதைக் கண்டார். 1868இல் அதை எழுதினார்.

நடுக்காது நீரைக் கண்டுபிடிக்க டிம்பனோமெட்ரி என்ற ஒரு நிமிடப் பரிசோதனை போதும், வலி இல்லை. மூன்று மாதம் பொறுத்துப் பார்ப்போம், பெரும்பாலும் தானே வற்றிவிடும். வற்றாமல், இரண்டு காதிலும் கேட்பது குறைந்திருந்தால் செவிப்பறையில் க்ரோமெட் எனும் குட்டிக் குழாய் வைப்பது உண்டு. ஆறு மாதம், ஒரு வருடத்தில் அதுவே வெளியே வந்துவிடும்.

காதில் எண்ணெய் விடுவது இதற்கு உதவாது. பூண்டு போட்டுக் காய்ச்சினாலும்தான். செவிப்பறைக்கு அந்தப் பக்கம் தேங்கிய நீரை இந்தப் பக்கம் விடும் எண்ணெய் தொடவே தொடாது. பறையில் ஓட்டை இருந்தால் உள்ளே போய்ச் சீழ் பிடிக்கும், ஓட்டை இல்லாவிட்டாலும் நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சை வளரும். கைக்குழந்தையைக் குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். அது நுரையீரலுக்குப் போய் நிமோனியாவைக் கொண்டுவரும்.

உள்நாக்கு வளர்ந்திருக்கிறது என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்களே?

உள்நாக்கு எல்லாருக்கும் தொங்கத்தான் செய்யும். பிள்ளையின் குறட்டைக்கு அது காரணமாக இருப்பது அபூர்வம். அதைத் தூக்கிவிடுகிறேன், தொக்கம் எடுக்கிறேன் என்று யாராவது வாய்க்குள் விரல் விட வந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வருகிறது. இதுவும் அடினாய்டா?

பெரும்பாலும் இல்லை. அடினாய்டு இரண்டு பக்கமும் அடைக்கும். ஒரு பக்கம் மட்டும் நாறினால், பிள்ளை எதையோ உள்ளே திணித்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்வோம்: புளியங்கொட்டை, பாசிமணி, பஞ்சு, ரப்பர் துண்டு. நீங்களே ஊக்கையோ ஹேர்பின்னையோ விட்டு எடுக்கப் பார்க்காதீர்கள். அது உள்ளே போய் மூச்சுக்குழாயில் விழலாம். போனது பொம்மை, ரிமோட்டில் இருக்கும் வட்ட பேட்டரியாக இருந்தால் ஒரு நிமிடம் கூடத் தாமதிக்காமல் ஓடி வாருங்கள். இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே அது சதையை எரிக்கத் தொடங்கிவிடும்.

மருந்திலேயே, ஸ்ப்ரேயிலேயே கரையாதா?

லேசான நோய்க்கு முயன்று பார்க்கலாம். மொமெட்டசோன், ஃப்ளூட்டிகசோன் போன்ற ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரேயை 6 முதல் 12 வாரம் ஒழுங்காக அடித்தால் அடினாய்டு கொஞ்சம் சுருங்கும், ஒவ்வாமை இருந்தால் அதுவும் அடங்கும். ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். சொன்ன அளவில் அடித்தால் உடம்புக்குள் சேருவது மிகக் குறைவு. 'ஒழுங்காக' என்பதில்தான் சிக்கல். அண்ணாந்து பார்த்து அடித்தால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். தலையைச் சற்றுக் குனிந்து, வலது கையால் இடது மூக்கிலும் இடது கையால் வலது மூக்கிலும் அடியுங்கள். அப்போது நுனி தானாகவே நடு எலும்பை விட்டு வெளிப்பக்கம் திரும்பும், ரத்தம் கசியாது.

மோன்டிலுகாஸ்ட் மாத்திரையும் சிலருக்குக் கொடுக்கிறோம். அது மனநிலையையும் தூக்கத்தையும் குழப்பலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 மார்ச்சில் மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. தொடங்கிய பின் பிள்ளை கெட்ட கனவு, எரிச்சல், அழுகை என்று மாறினால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மூக்கடைப்பை உடனே திறக்கும் சொட்டு மருந்து, அதாவது சைலோமெட்டசோலின் வகை, வேறு ஜாதி. ஐந்து நாளுக்கு மேல் விட்டால் மருந்தே அடைப்பை உண்டாக்கும். கடையில் சீட்டு இல்லாமல் வாங்கி ஆறு மாதம் விட்டவர்கள் வருகிறார்கள். சளி சிரப்பும் அப்படி: குளோர்ஃபெனிரமின், ஃபெனைலெஃப்ரின் கலந்த சிரப்பை 4 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குத் தரக்கூடாது என்று லேபிளில் போட வேண்டும் என 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி உத்தரவிட்டார். மிச்சமான பாட்டிலை எடுத்து ஊற்றும் முன் வயதைப் பாருங்கள்.

வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்?

புகையை நிறுத்துங்கள். சிகரெட் முதலில், படுக்கையறையில் கொசுவத்திச் சுருள், குளித்த பிள்ளைக்குப் பிடிக்கும் சாம்பிராணி அடுத்து. கொசுவலை போதும். தலையணை உறை, போர்வையை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவையுங்கள். எடை கூடுதலான பிள்ளைக்கு எடை குறைவதே பாதி மருந்து. கற்பூரம் கலந்த தைலத்தை 2 வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தடவ வேண்டாம்.

சரி, ஆபரேஷன் யாருக்கு?

நடுத்தர, கடுமையான மூச்சுத்தடை உள்ளவர்களுக்கு. அங்கே தயங்குவதற்கு அதிகம் இல்லை. கடுமையான நோயை வருடக்கணக்கில் விட்டால் நுரையீரல் ரத்த அழுத்தம் ஏறி இதயத்தின் வலப்பக்கம் பாதிக்கப்படும்.

லேசான நோயில்தான் யோசனை வேண்டும். அமெரிக்காவில் 5 முதல் 9 வயதுள்ள 464 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உடனே அறுவை செய்து, மறுபாதியைக் கண்காணித்து மட்டும் வந்த ஆய்வு 2013இல் வெளியானது. ஏழு மாதம் கழித்து, அறுவை செய்தவர்களில் 79 சதவீதம் பேருக்குத் தூக்கப் பரிசோதனை சரியாகியிருந்தது. ஒன்றும் செய்யாமல் காத்திருந்தவர்களில்? 46 சதவீதம். ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தானே சரியாகிறது என்பதை நான் எல்லாப் பெற்றோருக்கும் சொல்லிவிடுகிறேன். அதே மூச்சில் இன்னொன்றும் சொல்வேன்: கவனத்தை அளக்கும் சோதனையில் இரு அணிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் நடத்தை, அறிகுறிகள், அன்றாட வாழ்க்கை எல்லாம் அறுவை செய்தவர்களுக்கு நன்றாக மேம்பட்டன. மிக லேசான நோய் உள்ள 459 பிள்ளைகளை ஒரு வருடம் பின்தொடர்ந்து 2023இல் வெளியான ஆய்வும் கிட்டத்தட்ட இதையே சொன்னது. "ஆபரேஷன் செய்தால் கணக்கில் நூறு வாங்குவானா?" என்றால் உறுதி தர முடியாது. "நிம்மதியாகத் தூங்குவானா, எரிச்சல் குறையுமா?" என்றால் பெரும்பாலும் ஆம்.

அதனால் லேசான நோய் என்றால் ஸ்ப்ரே கொடுத்து மூன்று மாதம், ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்பதே என் வழக்கம். அவசரப்படுத்தினால் இன்னொருவரிடம் கருத்துக் கேளுங்கள். நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

குறட்டை இல்லாமல், தொண்டைப்புண்ணுக்காக மட்டும் டான்சில் எடுப்பதற்குத் தனிக் கணக்கு: ஒரே வருடத்தில் 7 தடவை, அல்லது தொடர்ந்து இரண்டு வருடம் வருடத்துக்கு 5, அல்லது மூன்று வருடம் வருடத்துக்கு 3. அதுவும் காய்ச்சலோடு, மருத்துவர் பார்த்துக் குறித்த சரியான டான்சில் அழற்சி. பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிள்ளைக்கு வருடத்தில் ஆறு, எட்டு சளி சாதாரணம்; அவை இந்தக் கணக்கில் வராது.

டான்சிலை எடுத்தால் எதிர்ப்புச் சக்தி போய்விடாதா?

மாமியார்கள் தவறாமல் கேட்கும் கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. தொண்டையைச் சுற்றி இதே வகைச் சதை ஒரு வளையமாக இருக்கிறது, நாக்கின் அடியிலும் உண்டு. இரண்டு மூன்றை எடுத்தால் மற்றவை வேலையைப் பார்க்கின்றன. எடுத்த பிள்ளைகள் அடிக்கடி நோய்ப்படுவதை அன்றாடத்தில் நாங்கள் பார்ப்பதில்லை.

ஆனால் 2018இல் டென்மார்க்கில் சுமார் 12 லட்சம் பிள்ளைகளின் பதிவுகளை வைத்து ஓர் ஆய்வு வந்தது. சிறுவயதில் இவற்றை எடுத்தவர்களுக்குப் பிற்காலத்தில் மூச்சுப்பாதை நோய்கள் கூடுதல் என்றது. முதலிலேயே மூக்கும் தொண்டையும் தொல்லை கொடுத்தவர்கள்தானே ஆபரேஷனுக்குப் போயிருப்பார்கள் என்ற எதிர்வாதம் வலுவானது. இருந்தாலும் காரணமில்லாமல் எடுக்கக் கூடாது என்ற என் பிடிவாதத்துக்கு அது இன்னொரு முட்டு. மூச்சு நிற்கும் பிள்ளைக்குக் காரணம் இருக்கிறது.

மயக்க மருந்து மூளையைப் பாதிக்கும் என்று படித்தேன்.

3 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேலான, அல்லது திரும்பத் திரும்பக் கொடுக்கும் மயக்க மருந்தைப் பற்றிய எச்சரிக்கை அது; 2016இல் அமெரிக்காவில் வந்தது. இந்த ஆபரேஷன் பொதுவாக ஒரு மணி நேரத்துக்குள் முடியும். நீங்கள் மயக்க மருத்துவரிடம் கேட்க வேண்டியது வேறு: "கடுமையான மூச்சுத்தடை, அல்லது 3 வயதுக்குக் குறைவு. ராத்திரி மருத்துவமனையிலேயே வைத்துக் கண்காணிப்பீர்களா?" ஆம் என்ற பதில் வர வேண்டும். சளி, காய்ச்சல் இருந்தால் மறைக்காதீர்கள். நாள் தள்ளிப்போனால் போகட்டும்.

ஆபரேஷன் எப்படி நடக்கும்? ஐஸ்கிரீம் உண்மைதானா?

எல்லாம் வாய் வழியாகத்தான். வெளியே தையலோ தழும்போ இருக்காது. மற்றபடி, ஐஸ்கிரீம் உண்மைதான். பிள்ளைகளிடம் எங்களுக்கு இருக்கும் ஒரே நல்ல பெயர் அது.

அடினாய்டு மட்டும் என்றால் இரண்டு மூன்று நாளில் ஓடத் தொடங்கிவிடுவார்கள். டான்சிலும் சேர்ந்தால் வலி ஒரு வாரம், பத்து நாள். காதும் வலிக்கும், தொண்டைக்கும் காதுக்கும் ஒரே நரம்பு என்பதால், காதில் கோளாறு இல்லை. தொண்டையில் வெள்ளையாகப் படர்வது சீழ் அல்ல, காயம் ஆறும் தோல். வாய் நாறும், குரல் சில நாள் மூக்கால் பேசுவது போல இருக்கும். விழுங்க வலிக்கிறதென்று தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவதுதான் பெரிய தொல்லை. குடிக்காத தொண்டை காய்ந்து இன்னும் வலிக்கும். எழுதிக் கொடுத்த பாராசிட்டமாலை அழும் வரை காத்திருக்காமல் நேரம் பார்த்துக் கொடுங்கள், அரை மணி கழித்துக் குடிக்கவும் சாப்பிடவும் கொடுங்கள். குழைந்த தயிர் சாதம், ஆறிய இட்லி, இளநீர், கஞ்சி. முறுக்கும் காரக் குழம்பும் பொறுக்கட்டும்.

கோடீன் கலந்த வலி மருந்தோ இருமல் மருந்தோ வேண்டவே வேண்டாம். சில பிள்ளைகளின் உடம்பு அதை வேகமாக மார்ஃபினாக மாற்றி மூச்சையே நிறுத்திவிடும். இறப்புகள் நடந்த பிறகு 2013இல் அமெரிக்காவில் இதற்குத் தடை எச்சரிக்கை வந்தது.

ரத்தம் வந்தால்?

முதல் 24 மணி நேரத்தில் வரலாம். அப்போது எங்கள் கண்பார்வையில்தான் இருப்பார்கள். நான் பயப்படுவது அந்த வெள்ளைத் தோல் உதிரும் 5 முதல் 10ஆம் நாளைப் பற்றி. டான்சில் எடுத்த நூறு பேரில் சுமார் மூன்று பேருக்கு நேரும். எச்சிலில் ஒரு கோடு மாதிரி வந்து நின்றுவிட்டாலும் மருத்துவமனைக்கு வாருங்கள். பெரிய கசிவுக்கு முன்னால் சின்னது வந்து போவதுண்டு. தூக்கத்தில் பிள்ளை விழுங்கிக்கொண்டே இருந்தால் டார்ச் அடித்து வாயைப் பாருங்கள், ரத்தத்தை விழுங்கிக்கொண்டிருக்கலாம். இந்த இரண்டு வாரம் குலதெய்வக் கோயில், வெளியூர்க் கல்யாணம் எதுவும் வேண்டாம்.

ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம் ஆகிறது. மறுபடி குறட்டை கேட்கிறது.

சிலருக்கு வரும். மூக்கு ஒவ்வாமையை யாரும் கவனிக்காமல் விட்டிருக்கலாம். வலி போய்ப் பசி திறந்ததும் எடை வேகமாக ஏறியிருக்கலாம். மிகச் சின்ன வயதில் எடுத்த அடினாய்டு ஓரளவு திரும்ப வளர்ந்திருக்கலாம். மேல்தாடை குறுகலாக, அண்ணம் உயர்ந்து கூம்பியிருந்தால் சதையை எடுத்த பிறகும் இடம் போதாமல் இருக்கலாம். அதற்குப் பல் சீரமைப்பு மருத்துவர் தாடையை மெல்ல விரிக்கும் கருவி போடுவார். இன்னும் மீதமிருக்கும் கடுமையான நோய்க்கு இரவில் காற்றழுத்த முகமூடி உண்டு, பிள்ளைகளும் பழகிக்கொள்கிறார்கள்.

முன்பே கடுமையான நோய் இருந்தவனுக்கு, குறட்டை திரும்பாவிட்டாலும் ஆறு முதல் எட்டு வாரத்தில் ஒருமுறை மறுபரிசோதனை தேவை. வரும்போது பழைய அறிக்கையோடு, புதிதாக எடுத்த நாலு மணி வீடியோவும் கொண்டுவாருங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.